ஏழு குழியும் ஒரு கையும்

குற்றாலத்துக்குச் சீஸன் காலத்தில் வருகிற அன்பர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று அருவிகள் வரிசையாக அழைக்கின்றன. செண்பகாதேவியும் தேனருவியும் மலைமேல் இருப்பதால் அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மீதமுள்ள ஐந்தில் எதில் முதலில் நீராடுவது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என்று குடும்பத்தில் உள்ளவர்களுக்குள் வாதம் மூளும். பாட்டிக்குக் கூட்டமில்லாத இடம் வேண்டும். பிள்ளைகளுக்கோ கூட்டமுள்ள இடம்தான் வேண்டும். வாதம் முடிவதற்குள் சாரல் நின்று வெயிலும் வந்துவிடும்.

இந்த வாதம் சீக்கிரம் முடியாததற்குக் கணிதத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து அருவிகளை 120 விதமான வரிசைகளில் சுற்றி வரலாம். மலைமேல் உள்ள இரண்டையும் சேர்த்து ஏழாக்கினால் வரிசைகளின் தொகை 5,040 ஆகிவிடும். பத்துப் பொருள்களானால் 36,28,800. இருபது பொருள்களை எடுத்துக்கொண்டு, வினாடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் யந்திரம் ஒன்றிடம் ஒப்படைத்தாலும், அது எல்லாவற்றையும் பார்த்து முடிக்கச் சுமார் 77 வருஷங்கள் ஆகும். அதற்குள் பாட்டியின் பேரன் பாட்டனாகிவிடுவான்.

ஆகவே, பொருள்களை வரிசை மாற்றி வைப்பது என்பது பார்வைக்கு எளிது. பொறுமையை மட்டும் நம்பி இறங்கினால் கரை காண முடியாதது. வேண்டியது பொறுமையல்ல, வழி. இந்த வழியைத்தான் இக்காலத்தார் ‘நிரல்’ என்றும் ‘புரோகிராம்’ என்றும் சொல்கிறார்கள். இது நம் நாட்டுக்குப் புதிய விஷயமும் அல்ல. நாராயண பண்டிதர் என்ற கணித மேதை 1356-ஆம் ஆண்டில் இயற்றிய ‘கணித கௌமுதி’யில், ஒரு வரிசையிலிருந்து அதற்கு அடுத்த வரிசையைத் தவறாமல் பெறுவதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். இன்றும் பல கம்ப்யூட்டர் நிரல்கள் அதே முறையை அனுசரித்து வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்குகின்றன. நமது கும்பகோணத்து ராமானுஜனும் தமது இரண்டாவது நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கட்டங்களில் எண்களை அடுக்கும் மாயச் சதுரங்களுக்கே ஒதுக்கினார்.

* * *

தென்காசிக்கு இந்த விஷயம் ஏன் இப்போது முக்கியமாயிற்று என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். தென்காசி என்றால் காசி விசுவநாதர் கோபுரம், சாரல், செங்கோட்டைக் கணவாய்க் காற்று, இவ்வளவுதான் முன்பெல்லாம் நினைவுக்கு வரும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்திருந்தபோது, ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து கவிதை பேசிய ஊர் என்றும் சொல்வார்கள். 2011-ஆம் ஆண்டில் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறை என்னும் கிராமத்தில், ஸோகோ என்ற மென்பொருள் கம்பெனி தன் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. உலகத்தின் பல தேசங்களில் விலைபோகும் புரோகிராம்கள் வயலுக்கும் தோப்புக்கும் நடுவே எழுதப்படலாயின. அக்கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019-இல் அக்கிராமத்துக்கே வந்து குடியேறினார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சம்பளம் வாங்குவதற்குப் பதிலாக உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் அக்கம்பெனி நடத்துகிறது. அதே 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி ஜில்லாவும் ஆயிற்று.

இதன் பலனாக எங்கள் ஊர்ப் பெற்றோர்களின் மனத்தில் ஒரு புதிய ஆசை முளைத்திருக்கிறது. முன்பு “பையன் பட்டணத்துக்குப் போகணும்” என்றார்கள். இப்போது “வீட்டிலிருந்தே சைக்கிளில் போய் வரணும்” என்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் ஆசையின் பின்னாலேயே பயமும் வந்துவிட்டது. பயத்தின் பின்னால் மனப்பாடமும் வந்துவிட்டது. “வேலைத் தேர்வில் இந்தக் கேள்வி வரும், இதற்கு விடை இது” என்று அச்சடித்த தாள்கள் கைமாறுகின்றன. பிள்ளைகள் புரோகிராம்களைத் திருப்புகழ்போல ஒப்பிக்கிறார்கள். திருப்புகழையாவது சந்தத்துக்காக ஒப்பிக்கலாம். பொருளறியாத புரோகிராமை எதற்காக ஒப்பிப்பது?

அத்தகைய தாள்களில் தவறாமல் இடம்பெறுகிற ஒரு புதிரைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். அதன் ஆங்கிலத் தோற்றத்தைக் கண்டு மிரள வேண்டாம். சங்கதி இவ்வளவே: சிறியது முதல் பெரியது வரை ஏறுவரிசையில் சில எண்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி வைக்க வேண்டும். முதலிடத்தில் எல்லாவற்றிலும் பெரியது, இரண்டாம் இடத்தில் எல்லாவற்றிலும் சிறியது, மூன்றாம் இடத்தில் அடுத்த பெரியது, நான்காம் இடத்தில் அடுத்த சிறியது என்று கடைசிவரை அமைய வேண்டும். அதாவது 1, 2, 3, 4, 5, 6, 7 என்று இருப்பது 7, 1, 6, 2, 5, 3, 4 என்று ஆக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் தேவையில்லை. வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பல்லாங்குழிப் பலகை போதும்.

* * *

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உண்டு. உங்கள் பக்கத்துக் குழிகளில் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரையில் புளியங்கொட்டைகளைப் போடுங்கள். கம்ப்யூட்டர்க்காரர்கள் ‘அணி’ என்று சொல்வது இதுதான். வரிசையாகக் குழிகள்; குழிக்கு ஓர் இலக்கம்; குழிக்குள் ஒரு தொகை. இதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் கிடையாது.

முதலில் எளிய வழியைப் பார்ப்போம். எதிர்ப்பக்கத்து ஏழு குழிகளும் காலியாக இருக்கின்றன அல்லவா? இடது கையின் சுட்டுவிரலை முதற் குழியிலும், வலது கையின் சுட்டுவிரலை ஏழாவது குழியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வலது விரல் காட்டும் கொட்டைகளை எதிர்ப்பக்கத்து முதற் குழியில் போட்டுவிட்டு, வலது விரலை ஒரு குழி உள்ளே நகர்த்துங்கள். பிறகு இடது விரல் காட்டுவதை எதிர்ப்பக்கத்து இரண்டாம் குழியில் போட்டு, அந்த விரலையும் ஒரு குழி உள்ளே நகர்த்துங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்தால், இரண்டு விரல்களும் நடுவில் சந்திக்கும்போது எதிர்ப்பக்கத்தில் 7, 1, 6, 2, 5, 3, 4 என்று தயாராக இருக்கும். ஏழு தடவை எடுத்தோம், ஏழு தடவை போட்டோம். எழுபது குழிகள் இருந்தாலும் எழுபது தடவைதான். 5,040 வரிசைகளைத் தேடி அலைந்தவனுக்கும் இரண்டு விரலை நகர்த்தியவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்!

ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் இதோடு விடுவதில்லை. “எதிர்ப்பக்கத்தைத் தொடக் கூடாது. உன் பக்கத்து ஏழு குழிகளுக்குள்ளேயே மாற்ற வேண்டும்” என்று நிபந்தனை போடுகிறார்கள். இப்போது முதற் குழியில் ஏழு கொட்டைகளைப் போடலாம் என்றால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு கொட்டையை என்ன செய்வது? இரண்டும் கலந்தால் எட்டாகிவிடும். எது எவருடையது என்று பிரிக்க முடியாது. மனப்பாடக்காரன் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கை ஒன்று சும்மா இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம். முதற் குழியின் கொட்டையைக் கையில் எடுத்து மூடிக்கொள்ளுங்கள். காலியான முதற் குழிக்கு வரவேண்டியது ஏழாம் குழியின் தொகை. அதைக் கொண்டுவந்து போடுங்கள். இப்போது ஏழாம் குழி காலி. அதற்கு வரவேண்டியது நான்காம் குழியிலிருப்பது. நான்காவதுக்கு வரவேண்டியது இரண்டாவதிலிருப்பது. இரண்டாவதுக்கு வரவேண்டியதோ, ஆதியில் முதற் குழியில் இருந்த கொட்டை. அதுதான் கையில் இருக்கிறதே! போட்டுவிடுங்கள். ஒரு சுற்று பூர்த்தியாயிற்று. 1, 7, 4, 2 என்ற நான்கு குழிகளும் தங்களுக்குள்ளே ஒரு வட்டம் கட்டிக்கொண்டு மாறிக்கொண்டன. அடுத்து மூன்றாம் குழியைப் பாருங்கள். அது ஆறாவதோடு கைமாற்றிக்கொள்கிறது. வேறு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஐந்தாம் குழியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாலும் இரண்டும் ஒன்றும் ஏழு. கணக்கு சரி.

இங்கே ஓர் அழகான விதி மறைந்திருக்கிறது. ஏழு குழிகளுக்கு ஏழின் இரட்டிப்போடு ஒன்றைக் கூட்டிப் பதினைந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியின் இலக்கத்தை இரட்டியுங்கள். வருவது ஏழுக்குள் அடங்கினால் அதுவே அக்கொட்டைகள் போகவேண்டிய இடம். ஏழைத் தாண்டினால் பதினைந்திலிருந்து கழியுங்கள். மூன்றாம் குழி ஆறுக்குப் போகும். நான்காவதை இரட்டித்தால் எட்டு. பதினைந்தில் எட்டுப் போக ஏழு. ஐந்தை இரட்டித்தால் பத்து. பதினைந்தில் பத்துப் போக ஐந்து. ஐந்தாம் குழி ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இதே மாற்றத்தை மறுபடி மறுபடி செய்து பாருங்கள். இரண்டாம் முறை 4, 7, 3, 1, 5, 6, 2 என்றும், மூன்றாம் முறை 2, 4, 6, 7, 5, 3, 1 என்றும் ஆகும். நான்காம் முறை எல்லாம் பழையபடி 1, 2, 3, 4, 5, 6, 7 என்று வந்து நிற்கும். காரணம் என்ன? ஒன்றை நான்கு தடவை இரட்டித்தால் பதினாறு. அது பதினைந்தைவிட ஒன்றே அதிகம். வட்டம் மூடிக்கொள்கிறது. ஆறு குழிகளானால் நினைவில் வைக்க வேண்டியது பதின்மூன்று. ஒன்றை ஆறு தடவை இரட்டித்தால் அறுபத்துநான்கு. அது பதின்மூன்றின் ஐந்து மடங்காகிய அறுபத்தைந்துக்கு ஒன்று குறைவு. ஒன்று அதிகமானாலும் ஒன்று குறைவானாலும் வட்டம் மூடுமாகையால், ஆறு குழிகளுக்கு ஆறு முறை வேண்டும். குழி அதிகமானால் முறையும் அதிகமாகும் என்று நினைப்பவர்களை இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

இந்த வினோதத்தைப் பிரெஞ்சு தேசத்துக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஷ் என்பவர் 1773-இலேயே சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். ஒரு சீட்டை வைத்து, அடுத்ததை அதன் மேலும், அதற்கடுத்ததை அடியிலுமாக மாற்றி மாற்றிச் சேர்த்துக் கட்டைக் கலைப்பது அவருடைய முறை. நம்முடைய மாற்றத்தைத் தலைகீழாக நடத்தினால் அதுவேதான். 7, 1, 6, 2, 5, 3, 4 என்பதைப் பின்னாலிருந்து எடுங்கள். நான்கை வைத்து, மூன்றை அதற்கு இடப்புறமும், ஐந்தை வலப்புறமும், இரண்டை இடப்புறமும், ஆறை வலப்புறமும், ஒன்றை இடப்புறமும், ஏழை வலப்புறமும் சேர்த்தால் பழைய ஏறுவரிசை வந்துவிடும். அங்கே சீட்டு, இங்கே புளியங்கொட்டை, கணக்கு ஒன்று.

* * *

வட்டம் வட்டமாகச் சுற்றும் இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஏழு குழிகளானால், எந்தக் குழி முடிந்தது, எது முடியவில்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ஏழாயிரம் குழிகளானால்? முடிந்ததற்கெல்லாம் அடையாளம் வைக்க வேண்டும். அடையாளம் வைக்கவும் இடம் வேண்டும். எதிர்ப்பக்கத்தைத் தொடக் கூடாதென்ற நிபந்தனை மறுபடியும் குறுக்கே வந்து நிற்கிறது.

இந்தச் சங்கடத்தை என் வகுப்பில் சொல்லி நிறுத்தியபோது, பிளஸ் டூவில் தமிழ் மீடியத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாயார் எங்கள் பக்கத்துப் பெண்கள் அநேகரைப் போலப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். “ஸார், ஒரே குழியில ரெண்டு கணக்கும் இருக்கக் கூடாதா? எங்க அம்மா கட்டுக் கணக்கும் உதிரிக் கணக்கும் ஒரே சீட்டுலதானே எழுதுதாங்க?” என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்கோ, ஆங்கிலத் தாள்களில் பெரிய தந்திரம் என்று போற்றப்படுகிற விஷயத்தை அந்தப் பெண் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே எடுத்துவிட்டாளே என்று வியப்பு உண்டாயிற்று.

அவள் சொன்னதன் பொருள் இது. பீடிக் கட்டுகள் இத்தனை, உதிரி இத்தனை என்று சொன்னால் மொத்தம் தெரியும். மொத்தத்தைச் சொன்னால் கட்டும் உதிரியும் தெரியும். அதேபோல, நம் எண்களில் பெரியதாகிய ஏழைவிட ஒன்று அதிகமான எட்டை ஒரு ‘கட்டு’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழியில் பழைய தொகையை உதிரியாகவும், வரவேண்டிய புதிய தொகையைக் கட்டாகவும் சேர்த்துப் போடலாம். உதிரி ஏழைத் தாண்டாதாகையால் கட்டோடு கலந்து மயங்காது. எட்டால் வகுத்தால் மீதி வருவது பழையது. ஈவு வருவது புதியது.

செய்து பார்ப்போம். முதற் குழியின் பழைய தொகை 1, புதிய தொகை 7. ஏழு எட்டு ஐம்பத்தாறு, அதோடு ஒன்று, 57. இரண்டாவதில் பழையது 2, புதியது 1. எட்டும் இரண்டும் 10. இப்படியே மூன்றாவதில் 51, நான்காவதில் 20, ஐந்தாவதில் 45, ஆறாவதில் 30, ஏழாவதில் 39. நான்காவதை நிரப்பும்போது இரண்டாவதன் பழைய தொகை வேண்டியிருந்தது. அதில் அப்போது 10 இருந்தாலும் கவலையில்லை. பத்தை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தோம். பழைய இரண்டு பத்திரமாக அங்கேயே இருந்தது. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு குழியையும் எட்டால் வகுத்து, மீதியைத் தள்ளி, ஈவை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். 7, 1, 6, 2, 5, 3, 4.

இதை யந்திரத்துக்குச் சொல்லும் நிரல் இவ்வளவு சிறியது:

1. இடக்குறியை முதற் குழியில் வை. வலக்குறியைக் கடைசிக் குழியில் வை.
2. கடைசிக் குழியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதற்குக் ‘கட்டு’ என்று பெயரிடு.
3. முதற் குழி தொடங்கிக் கடைசிக் குழி வரை ஒவ்வொன்றிலும் இவ்விதம் செய்:
குழியின் இலக்கம் ஒற்றையானால், வலக்குறிக் குழியைக் கட்டால் வகுத்து, மீதியைக் கட்டால் பெருக்கி, இக்குழியில் கூட்டு. வலக்குறியை ஓர் இடம் குறை.
இரட்டையானால், இடக்குறிக் குழியைக் கட்டால் வகுத்து, மீதியைக் கட்டால் பெருக்கி, இக்குழியில் கூட்டு. இடக்குறியை ஓர் இடம் ஏற்று.
4. ஒவ்வொரு குழியையும் கட்டால் வகுத்து, ஈவை மாத்திரம் வைத்துக்கொள்.

இதில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது? யந்திர மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது உண்மைதான். அவை பெரும்பாலும் சில பத்துச் சொற்களே. அந்தச் சொற்களையும் தமிழிலேயே வைக்கலாமென்று முத்து அண்ணாமலை என்பவர் ‘எழில்’ என்ற நிரல் மொழியை அமைத்து, அதைப் பற்றி 2009-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘வரை’, ‘முடி’ போன்றவை அதன் கட்டளைகள். யந்திரத்துக்குப் பாஷாபிமானம் கிடையாது; தெளிவாகச் சொன்னால் எதையும் கேட்கும். தெளிவு பிறப்பதோ மனத்தில். மனம் எந்த மொழியில் பேசிப் பழகியதோ, அந்த மொழியில்தான் முதலில் தெளிவு பிறக்கும். ஆங்கிலத்தை வேண்டாமென்று சொல்லவில்லை, கற்கத்தான் வேண்டும். புரிந்துகொண்டபின் பெயர்த்து எழுதுவது ஒரு வார வேலை. புரியாமல் பெயர்த்து எழுதுவது ஆயுள் பரியந்தம் அடிமை வேலை.

* * *

இனி, புத்திசாலித்தனத்தைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே குழியில் இரண்டு தொகைகளை வைக்கும் தந்திரம் கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆயினும் அது எந்த இடத்திலும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. குழிக்குக் கொள்ளளவு உண்டு. சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் 32 பிட் இடத்தில், 214,74,83,647 என்பதற்கு மேற்பட்ட தொகை அடங்காது. நம் தந்திரத்திலோ குழியின் தொகை, ‘கட்டை’க் கட்டாலேயே பெருக்கிய அளவுவரை ஏறிவிடும். ஆகவே வரிசையிலுள்ள பெரிய எண் 46,339-ஐத் தாண்டினால் குழி நிரம்பி வழிய இடமுண்டு. வழிந்தால் யந்திரம் அழாது, கூச்சலிடாது, பல சமயங்களில் தவறான விடையைச் சாந்தமாகக் கொடுத்துவிடும். கழித்தல் குறியுள்ள எண்கள் வந்தாலும் இந்த வகுத்தலும் மீதியும் குழம்பிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பக்கத்தைத் தொடவில்லை என்று பெருமை கொள்கிறோமே, உண்மையில் இடம் மிச்சமாயிற்றா? ஒவ்வொரு குழியிலும் உபயோகமாகாமல் கிடந்த மேல்பாதியைப் பயன்படுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். பரணில் இடமில்லையென்று கட்டிலுக்கு அடியில் பானையை வைப்பதற்குச் சமானம். கட்டிலடி காலியாக இருந்தால் சரி. அங்கே ஏற்கெனவே பெட்டி இருந்தால் என்ன செய்வது?

என் அபிப்பிராயத்தில், எதிர்ப்பக்கத்துக் குழிகள் காலியாக இருக்கும்போது இரண்டு விரல்களால் செய்யும் எளிய முறையே உத்தமம். தந்திரத்தை நெருக்கடிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால், நிரலை எழுதுகிறவன் ஒருவன். பின்னால் அதைப் படித்துத் திருத்துகிறவர்கள் பலர். தென்காசிக் கோயிலைக் கட்டுவித்த பராக்கிரம பாண்டிய மன்னன், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இந்த ஞானத்தைக் கல்லில் வெட்டி வைத்துப் போயிருக்கிறான். காலகதியில் இத்திருப்பணிக்குக் குறை நேர்ந்தால், அதைச் செப்பனிட்டுக் காப்பவர்களின் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக அவன் சொல்லியிருக்கிறான். அக்கோயிலின் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1990-இல் மீண்டும் ஓங்கி எழுந்தது. பின்னால் வந்து செப்பனிடப் போகிறவனை நினைத்துக் கட்டுவதே கட்டுகிறவனுக்கு அழகு. அரசன் அவர்களை வணங்கினான். நாம் வணங்காவிட்டாலும், அவர்களுக்குப் புரியும்படியாகவாவது எழுதி வைக்கலாம்.

மனப்பாடத்தின் கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன், ஒரு பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டி இதே புரோகிராமை ஓர் எழுத்துப் பிசகாமல் உருப்போட்டிருந்தான். தேர்வில் கேட்டவர் ஒரு சிறு மாற்றம் செய்தார். முதலிடத்தில் பெரியதற்குப் பதிலாகச் சிறியது வர வேண்டும் என்றார். பையன் வியர்த்துப் போனான். ஒற்றை என்ற இடத்தில் இரட்டை என்றும், இரட்டை என்ற இடத்தில் ஒற்றை என்றும் மாற்றியிருந்தால் தீர்ந்தது. இரண்டு விரல்களை ஒரு தடவை பலகையில் நகர்த்திப் பார்த்திருந்தால், எந்த விரல் முதலில் போகவேண்டும் என்று விரலே சொல்லியிருக்கும். அவனுக்குப் புத்தி குறைவல்ல. அவன் கட்டிய பணத்துக்கு விடைகளைக் கொடுத்தார்கள், பலகையைக் கொடுக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நான் முன்னே சொன்ன மாணவியின் தாயார் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். “ஐயா, புள்ள ராத்திரியெல்லாம் பல்லாங்குழிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்? இதப் படிச்சா வேலை கிடைக்குமா?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. பீடி இலையைக் கத்தரித்துக் கத்தரித்து விரல் காய்த்துப் போனவருக்கு அந்தக் கவலைப்பட முழு உரிமை உண்டு. வேலை கிடைக்குமென்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அது என் கையிலோ, அந்தக் குழந்தையின் கையிலோ மாத்திரம் இல்லை. “அம்மா, உங்கள் மகள் விடையை ஒப்பிக்கவில்லை, அவளே கண்டுபிடிக்கிறாள். அதுவும் உங்கள் கட்டுக் கணக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். கேள்வி மாறினாலும் அவளால் யோசிக்க முடியும். அதை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அப்போ அந்தப் பலகைய விறகுக்குப் போடாம வைக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனிகள் வரும், போகும். இன்று கேட்கிற கேள்வியை நாளைக்குக் கேட்க மாட்டார்கள். இந்தச் சிறு நிரலை இப்போது யந்திரமே கணப்பொழுதில் எழுதிக் கொடுத்துவிடுகிறது என்பதும் உண்மை. எழுதிக் கொடுப்பது சரியா, எந்த எண்ணுக்கு மேல் குழி வழியும், கழித்தல் குறி வந்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை மத்தளம்பாறையிலிருந்தும் வரலாம். வேறு எந்தக் குக்கிராமத்திலிருந்தும் வரலாம்.

வழக்கம்போல இந்த வாரத்துக் கணக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எட்டுக் குழிகளானால், நாலு நாலு குழிகளாக இரண்டு வட்டங்கள் அமையும். நான்கே முறையில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒன்பது குழிகளானால் எத்தனை வட்டங்கள்? எத்தனை முறையில் திரும்பும்? நினைவில் வைக்க வேண்டிய எண் பத்தொன்பது. பலகையில் ஒரு பக்கம் ஏழு குழிகளே இருக்கின்றனவே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு கிண்ணங்களை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். விடையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.